இறுகிய திருகாணி

இறுகிப்போன திருகாணியைக் கழற்றுவதற்குக் கைப்பலம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில், அதைப் பாழாக்குவது பெரும்பாலும் அந்தக் கைப்பலமே. இதை நாம் கற்றுக்கொண்டது கொல்கத்தாவின் பவானிபூரில், நாம் குடியிருக்கும் சந்தில்.

நம் நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தபோது, காலஞ்சென்ற தம் தந்தையாரின் புல்லட் மோட்டார் சைக்கிளையும் உடன் கொண்டு வந்தார். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியபின் நம் நாட்டில் உருவான பழைய வகை வண்டி அது. இரண்டு மழைக்காலம் வாசலிலேயே நின்றதில் எண்ணெய் கசியத் தொடங்கிற்று. எஞ்சினின் வலப்புற மூடியைத் திறக்க வேண்டியதாயிற்று. கைக்குக் கிடைத்த திருப்புளியால் முழுப் பலத்துடன் திருகினோம். திருகாணி அசையவில்லை, அதன் தலையிலிருந்த வெட்டுத்தான் சிதைந்தது. அடுத்து நாம் பெரிய சுத்தியலை எடுத்தபோது, தெருமுனை மிஸ்திரி ஓடிவந்து தடுத்தார். திருகாணி போனால் சில ரூபாய்; மூடி விரிசல் கண்டால் தந்தையாரின் வண்டி அல்லவா ஊனப்படும்?

திருகாணி ஏன் இறுகுகிறது? மூடியும் எஞ்சின் உறையும் அலுமினியம், திருகாணியோ எஃகு. இரு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்தால், ஒரு சிறு மின்கலத்தில் நிகழ்வதைப் போல அலுமினியம் அரிக்கப்படுகிறது. அவ்வாறு உண்டாகும் வெண்பொடி, இழந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, மரைகளை இறுகப் பிடித்துவிடுகிறது. வங்காளத்து மழைக்காலத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை.

ஆகவே முதலில் தலையின் வெட்டைச் சுத்தம் செய்து, துருநீக்கும் எண்ணெயை இட்டு, ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் திருகாணியின் தலைமேல் நேராகச் சில இலேசான தட்டுகள் தட்டினால் துருவின் பிடி தளரும். வெட்டை முழுவதும் நிரப்பும் அகலமான திருப்புளியே ஏற்றது. சுத்தியலால் அடிக்கும்போது தானே சிறிது திரும்பும் திருப்புளியும் கடைகளில் கிடைக்கிறது. அடி தலையை அழுத்திப் பிடிப்பதால், முனை நழுவுவதில்லை.

அதற்கும் இணங்காவிடில் வெப்பத்தின் துணையை நாடலாம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், மரையின் பிடி நெகிழும். ஆனால் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்தி, சிந்திய எண்ணெயையும் துடைத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். தீச்சுடரைக் காட்டாமல், கொதிநீரில் நனைத்த துணியை மூடியின்மேல் சுற்றுவதே பத்திரமானது.

தலை முற்றிலும் சிதைந்துவிட்டால்? நடுவில் புள்ளியிட்டு, தலையை மட்டும் துளையிட்டு அகற்றிவிடலாம். மூடி கழன்று வந்துவிடும். எஞ்சிய தண்டு உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்திய தலையும் இப்போது இல்லை. எண்ணெய் இட்டு, கவ்விப் பிடிக்கும் குறட்டால் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். தண்டு உள்ளேயே முறிந்தால் மட்டும் லேத்துப் பட்டறையை நாடுவது நலம். முறிந்த தண்டைப் பிடுங்கும் கருவி கடினமான எஃகாலானது. அதுவும் உள்ளே ஒடிந்தால், சாதாரணத் துளைக்கருவி அதன்மேல் ஏறாது.

நண்பரின் மூடி மூன்றாம் நாள் விரிசலின்றிக் கழன்றது. மீண்டும் பூட்டும்போது மிஸ்திரி புதிய திருகாணிகளை வாங்கச் சொல்லி, மரைகளைத் துலக்கி, ஒவ்வொன்றிலும் சிறிது கிரீஸ் தடவினார். எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றி, அளவாகவே முடுக்கினார். நாமும் இதைப் பின்பற்றுதல் நன்று; மறுமுறை அவற்றைக் கழற்றப் போகிறவர் நாமாகவே இருக்கலாம்.