மழையில் தொப்பூர் இறக்கம்: பிக்கப் டயரைப் பார்த்தீர்களா?

பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி, தர்மபுரி வழியாகச் சேலம் போகும் பிக்கப் வண்டிகள் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் விபத்துக்குப் பேர்போன இறக்கம் இது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். பெட்டிகள் சரிந்தால் ஒரு பறிப்பின் வருமானம் போகும். வண்டி கவிழ்ந்தால் குடும்பமே நிலைகுலையும்.

டயரில் உள்ள பள்ளங்கள்தான் சாலைத் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. மொட்டை டயர் தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காமல் வழுக்கும். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடு, டயரின் மேல்மட்டத்தோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

புதிதாக வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3224 என்றால் 2024-ம் ஆண்டின் 32-வது வாரத் தயாரிப்பு. வண்டிக் கையேட்டில் உள்ள அளவும் சுமைத் திறனும் குறையக் கூடாது. இரண்டு டயர் மட்டுமே வாங்க முடிந்தால் பின்சக்கரங்களில் போடுங்கள். சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் லேசாகி, எளிதில் வழுக்கும்.

வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையிலேயே காற்றைச் சோதியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். சிறிய கியரில் மெதுவாக இறங்குங்கள். வேகத்தைக் குறைத்தால்தான் நல்ல டயரும் காப்பாற்றும்.