கழுவிய வண்டியைக் கீறல் விழாமல் துடைப்பது எப்படி?



எங்கள் டிவிசனில் ஒரு தம்பி இருக்கிறார். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாபக் காசை முன்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஒரு ஆட்டோ எடுத்தார். வண்டியைச் சாமி மாதிரி பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் பீலித் தண்ணீரில் கழுவி, பழைய சாரம் ஒன்றால் பளபளக்கத் தேய்த்துத் துடைப்பார். போன வருசம் அதை விற்றுவிட்டு வேன் எடுக்கலாம் என்று ஆளைக் கூட்டி வந்தார். வந்தவர் வண்டியை வெயிலுக்கு நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல்! "இதுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கணும்" என்று சொல்லி, ஒரு மாத லீசிங் கட்டணத்துக்கு மேலே விலையைக் குறைத்துவிட்டார்.

தம்பி என்னிடம் வந்து, "ஐயா, நான் ஒரு நாள்கூட தவறாமல் துடைச்சேனே, எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டார். "துடைச்சதாலதான் தம்பி" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பிறகு உட்கார்த்தி வைத்து விளக்கினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

வாகனத்தின் பெயின்ட் நாம் நினைப்பது போல் தடிப்பானது அல்ல. கார், வேன்களில் எல்லாப் பூச்சையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதாவது கடதாசி ஒன்றின் கனம். அதிலும் மேலே பளபளப்புத் தருகிற நிறமில்லாத பூச்சு பாதிகூட இல்லை. பழைய வண்டிகளிலும் லொறிகளிலும் பல சமயம் அந்த மேல்பூச்சே இருக்காது. தேய்க்கத் தேய்க்க நிறமே துணியில் ஒட்டி வரும்.

சரி, துணி மிருதுவாகத்தானே இருக்கிறது, எது கீறுகிறது? மணல்தான். நம் மலைநாட்டு மண்ணில் வெள்ளையாக மினுங்குகிற குவாட்ஸ் மணல் நிறைய உண்டு. அது கத்தி இரும்பைவிடக் கடினமானது. கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது இரும்பே தேய்கிறதே, பெயின்ட் எம்மாத்திரம்? வண்டி மேல் ஒட்டியிருக்கிற தூசியைத் துணியால் அழுத்தினால், அந்தத் துணியே தீட்டுக்கல் ஆகிவிடுகிறது.

இதில் மிக மோசமான பழக்கம் விடியற்காலையில் நடப்பது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எந்த ஸ்டேண்டிலும் பார்க்கலாம். இரவுப் பனி வண்டி மேல் முத்து முத்தாக நிற்கும். டிரைவர் தம்பி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை இழுத்து, தண்ணீர் ஊற்றாமலே வழித்துவிடுவார். பனியோடு முந்திய நாள் ரோட்டுத் தூசியும் சேர்ந்து பெயின்டில் இழுபடும். அவசரம் என்றால் முன் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் மட்டும் துடைத்துவிட்டுப் போங்கள். பாடியைத் தொடாதீர்கள். (ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் கண்ணாடியில் உறைபனி பிடித்தால் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. கண்ணாடி வெடித்துவிடும், வேண்டாம்.)

ஆகவே முதல் வேலை மணலைப் போக்குவது. மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் விட்டு, சேறு தானாக இறங்கிய பிறகுதான் சவர்க்காரத் தண்ணீரும் துணியும். இங்கே நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குடிதண்ணீர் எடுக்கிற ஓடையிலோ பீலிக்கு மேலேயோ வண்டியை இறக்கிக் கழுவாதீர்கள். எண்ணெயும் சவர்க்காரமும் கீழ் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகும். வாளியில் மொண்டு வந்து ரோட்டோரம் கழுவுங்கள்.

கடைசியாக அலசும்போது ஒரு சின்ன வித்தை. ஹோஸ் பைப் இருந்தால் முனையில் விரலை வைத்துப் பீச்சாமல், தண்ணீரை மெதுவாக மேலே வழிய விடுங்கள். தண்ணீர் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஒரே விரிப்பாக இறங்கும். பாதிக்கு மேல் ஈரம் அப்படியே போய்விடும். பைப் இல்லாதவர்கள் ஜக்கால் மேல் விளிம்பிலிருந்து மெதுவாக ஊற்றினாலும் சரி. துடைக்க வேண்டியது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இனித் துடைப்பது. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் துவாயால் ஒற்றுகிற மாதிரி. துணியை விரித்துப் பரத்தி வைத்து, இரண்டு மூலையைப் பிடித்து, அழுத்தாமல் அதன் பாரத்திலேயே நேராக இழுங்கள். வட்டமாகச் சுழற்ற வேண்டாம். மேல் பகுதி முடிந்த பிறகு பக்கங்கள். மட்கார்டுக்கும் சில்லுக்கும் வேறு துணி, கட்டாயம் வேறு துணி. துணி கை தவறிக் கீழே விழுந்தால் உதறிவிட்டு மறுபடி பாவிக்காதீர்கள், அலசி எடுங்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

எந்தத் துணி? வாகனச் சாமான் கடைகளில் மைக்ரோபைபர் துணி கிடைக்கிறது. அதன் நூல் பட்டைவிட மெல்லியது. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மிஞ்சிய சின்னத் தூசியையும் தன் இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாங்கினால் போதும். கழுவும்போது மற்ற உடுப்போடு போடாதீர்கள், வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள், ஊற்றினால் ஈரம் உறிஞ்சாது. மழைக்காலத்தில் லயத்து அடுப்புக்கு மேலே காயப் போடவும் வேண்டாம். சாம்பலும் கரியும் ஏறும், சூட்டில் நூலும் கருகும். அது வாங்க முடியாவிட்டால் பல தடவை துவைத்து மெத்தென்றான பருத்தித் துவாய் போதும். ஓரத் தையலை மட்டும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கராஜில் பாவிக்கிற வேஸ்ட் துணி, பட்டன் உள்ள சேர்ட், சாரம், இவை வேண்டவே வேண்டாம். சிலர் மினுக்கத்துக்காக மண்ணெண்ணெய், டீசல் பூசுகிறார்கள். அரை நாள் மினுங்கும். அதற்குப் பிறகு அந்தப் பிசுக்கில்தான் ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டும். ரப்பர் பீடிங்கும் ஊதிக் கெட்டுப்போகும்.

"அப்படியென்றால் துடைக்காமலே விட்டுவிடலாமே ஐயா" என்று தம்பி கேட்டார். கீழ்நாட்டில் வெயிலில் விட்டால் தண்ணீர் சொட்டுக் காய்ந்து வெள்ளைப் பொட்டாக நிற்கும். நம் பக்கம் மிஸ்ட் இறங்கினால் நாள் முழுக்கக் காயாது. தகரப் பொருத்துகளிலும் ஹூட் ரெக்சின் அடியிலும் ஈரம் நின்று துருப் பிடிக்கும். அதனால் நிழலில் நிறுத்தி, உடனே ஒற்றி எடுப்பதுதான் சரி.

விழுந்த கீறல்களுக்கு என்ன செய்வது? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் பொலிஷ் போட்டுக் குறைக்கலாம். ஆனால் பொலிஷ் என்பதும் பெயின்டைக் கொஞ்சம் சீவுவதுதான், அடிக்கடி செய்ய முடியாது. நகம் தட்டினால் பெயின்ட்காரரிடம்தான் போக வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தும், வரியால் புது வண்டி எட்டாத விலையிலேயே இருந்தது. கையில் இருக்கிற வண்டியின் தோலைக் காப்பாற்றுவதுதான் மலிவு.

இன்னொரு விசயம், மறந்துவிடப் போகிறேன். வண்டியைக் கழுவியதும் பிரேக்கும் நனைந்திருக்கும். ஈர பிரேக் உடனே பிடிக்காது. சமமான ரோட்டில் மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை மிதித்துப் பார்த்த பிறகு கொண்டை ஊசி வளைவில் இறங்குங்கள்.