பேட்டரி பின்னால் போனால்...

ஒரு காரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். அதுதான் பேட்டரி. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவது ஸ்டார்ட்டர் மோட்டார். அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியும் அருகிலேயே இருப்பது இயல்புதானே?

ஆனால் எல்லாக் கார்களிலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் முன்னால் இருந்தது. பேட்டரியோ இருக்கைகளுக்குப் பின்னால், தளத்தின் அடியில் இருந்தது. 1974 வரை அதில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடர் இணைப்பில் இணைத்து 12 வோல்ட் பெற்றார்கள். 1959இல் வெளிவந்த மினி காரிலும், 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரிலும் பேட்டரி டிக்கியில் இருந்தது.

பேட்டரி முன்னால் அமைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் பலர், அதை டிக்கிக்கு மாற்றிக்கொள்வது உண்டு. இதனால் என்ன லாபம்? என்ன ஆபத்து? இரண்டுக்கும் விடை உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

லாபம் எவ்வளவு?

எஞ்சின் முன்னால் உள்ள காரில் முன் சக்கரங்களின் மீது எடை அதிகம் விழும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் சாலையைப் பற்றிக்கொள்ள வேண்டும். சுமை ஏறக்குறையச் சமமாகப் பகிரப்பட்டால் கார் ஓட்டுநரின் சொல்லுக்குக் கட்டுப்படும். ஆகவே முன்னால் உள்ள எடையில் கொஞ்சத்தைப் பின்னால் தள்ளப் பார்க்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். காரின் எடை 1000 கிலோகிராம் என்க. முன் அச்சு 550, பின் அச்சு 450 கிலோகிராம் தாங்குகின்றன. இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.4 மீட்டர். முன் அச்சுக்கு நேர் மேலே உள்ள 15 கிலோகிராம் பேட்டரியைப் பின் அச்சுக்கும் 0.4 மீட்டர் பின்னால் வைக்கிறோம். பேட்டரி நகர்ந்த தூரம் 2.8 மீட்டர்.

திருப்புத்திறன் என்பது எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. 15 × 2.8 = 42. இதை 2.4ஆல் வகுத்தால் 17.5. அதாவது முன் அச்சின் சுமை 17.5 கிலோகிராம் குறைந்து 532.5 ஆகிறது, பின் அச்சின் சுமை 467.5 ஆகிறது. 15 கிலோகிராம் பேட்டரி எப்படி 17.5 கிலோகிராம் சுமையை மாற்றியது? பேட்டரி பின் அச்சைத் தாண்டி உட்கார்ந்ததால், சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தும்போது மறுமுனை எழுவதுபோல, முன்பக்கத்தைச் சற்றே மேலே தூக்குகிறது!

சதவீதத்தில் பார்த்தால் முன் அச்சின் பங்கு 55இலிருந்து 53.25 ஆகிறது. லாபம் உண்மைதான், ஆனால் சிறியது. எஞ்சின் வெப்பத்திலிருந்து விலகி இருப்பதால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பது இன்னொரு நன்மை.

செம்பு கேட்கும் விலை

இப்போது பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே சுமார் 5 மீட்டர் கேபிள் தேவை. எஞ்சினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். கம்பியின் நீளம் கூடினால் மின்தடை கூடும். குறுக்குவெட்டுப் பரப்பு கூடினால் மின்தடை குறையும்.

10 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள 5 மீட்டர் செப்புக் கேபிளின் மின்தடை சுமார் 0.0085 ஓம். மிகச் சிறிய எண் என்று தோன்றுகிறதா? ஓம் விதிப்படி 200 ஆம்பியரால் பெருக்குங்கள்: 1.7 வோல்ட்! எஞ்சினைக் கிளப்பும் வேளையில் பேட்டரியின் மின்னழுத்தமே 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்தால் ஸ்டார்ட்டர் முனகும், சுழலாது. தொலைந்த ஆற்றல் கேபிளைச் சூடாக்கும்.

50 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் இழப்பு 0.34 வோல்ட்தான். ஆனால் அதில் உள்ள செம்பின் எடை மட்டும் 2 கிலோகிராமுக்கு மேல். எடையைச் சீராக்கப் போய், மொத்த எடையைக் கூட்டிக்கொள்கிறோம்!

மின்னோட்டம் திரும்பி வரும் பாதை காரின் எஃகு உடல். பேட்டரியின் எதிர்முனையை இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேரும்படி முடுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், உடலையும் எஞ்சினையும் இணைக்கத் தடித்த எர்த் பட்டையும் தேவை.

ஆபத்து எங்கே?

காரின் உடல் முழுவதும் எதிர்முனை. அதற்குள்ளே 5 மீட்டர் நீளத்துக்கு நேர்முனைக் கேபிள் ஓடுகிறது. தகரத் துளையின் கூர்விளிம்பில் உரசி உறை தேய்ந்தால் குறுக்குச் சுற்று ஏற்படும். பேட்டரியின் உள்தடை மிகக் குறைவாகையால் பல நூறு ஆம்பியர் பாயும். கேபிள் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். எனவே துளைதோறும் ரப்பர் வளையம் வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் தனக்கு அப்பால் உள்ள கேபிளைத்தான் காக்கும். ஸ்டார்ட்டர் பக்கத்தில் வைத்தால் 5 மீட்டரும் காவலின்றிக் கிடக்கும். டிக்கியில் பேட்டரி வைத்த தன் கார்கள் சிலவற்றில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1990களில் ஓர் ஏற்பாடு செய்தது: பெரிய மோதலின்போது சிறு வெடிமருந்து வெடித்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் கேபிளைத் துண்டித்துவிடும்.

அடுத்தது வாயு. காரீய-அமில பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். பானெட்டின் கீழே காற்று வீசிக் கலைத்துவிடும்; மூடிய டிக்கியில் அது தேங்கும். அதனால் மூடிய பெட்டியில் பேட்டரியை வைத்து, வெளியே செல்லும் குழாயும் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, பிடிமானம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்த 15 கிலோகிராம் பேட்டரியைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 300 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். மெல்லிய தகரப் பட்டை இதைத் தாங்குமா? தாங்காது. எஃகுத் தாங்கியும் போல்ட்டுகளும் காரின் உடலோடு சேர்த்து முடுக்கப்பட வேண்டும்.

ஆக, கிடைப்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவான எடை மாற்றம். அதற்காகத் தடித்த கேபிள், ஃபியூஸ், காற்றுக் குழாய், உறுதியான தாங்கி ஆகிய நான்கையும் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் மாற்றாமல் இருப்பதே மேல்.

நீங்களே செய்து பாருங்கள்

சமையலறைத் தராசுகள் இரண்டை 60 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். ஒரு மீட்டர் அளவுகோலின் 20, 80 செ.மீ. குறிகள் தராசுகளின் நடுவே வைத்த பென்சில்களின் மேல் அமையட்டும். 100 கிராம் எடைக்கல்லை முதலில் 20ஆம் குறியிலும், பிறகு 80ஆம் குறியிலும், கடைசியாக 92ஆம் குறியிலும் வைத்து, இரண்டு தராசுகளின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி முறை முதல் தராசு எவ்வளவு குறைந்தது? கணக்குப் போட்டு, தராசு சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.