ஆமையின் ஓடும் எலும்புதான்

மாணவர்களே, பாலைவன ஆமையிடம் ஆப்பிள் துண்டை நீட்டினால் ஆவலோடு தின்னும். ஆனால், அது விரும்பித் தின்பதெல்லாம் அதற்கு நல்லதல்ல.

இந்த ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனம். அங்கே அதன் உணவு புல், காட்டுப்பூக்கள், சப்பாத்திக்கள்ளி. இவற்றில் நார்ச்சத்து மிகுதி. சர்க்கரையும் புரதமும் குறைவு. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாரை மெல்ல நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. இனிப்பான பழங்களை அடிக்கடி கொடுத்தால் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, வயிற்றுப்போக்கு உண்டாகும்.

அடுத்து, ஓடு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் இணைந்து உருவானது அது. உணவில் கால்சியம் குறைந்தால், உடல் அதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஓடு மென்மையாகும், ஆமை நடக்கவும் சிரமப்படும். ஆகவே, உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் இரு மடங்காவது இருக்க வேண்டும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே, அது அன்றாட உணவாகாது.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 தேவை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது அது உருவாகிறது. கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெயில் போதாது. அந்தக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

மொஹாவி ஆமைகளை அமெரிக்கச் சட்டம் 1990 முதல் பாதுகாக்கிறது. கலிபோர்னியாவில் அனுமதி பெற்றவர்களே இவற்றை வளர்க்கலாம். முறையாகப் பராமரித்தால் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டுகளும் அதன் ஓட்டைக் காப்பது, தட்டில் வைக்கும் புல்லும் பூவும் கள்ளியும்தான்.