மீன் தலையைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கொழும்பின் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் மீன் வாங்குபவர்களில் பலர் முள்ளில்லாத சதைத் துண்டைத்தான் கேட்கிறார்கள். தலை, வயிற்றுப்பகுதி, தோல், சினை எல்லாம் கடையிலேயே நின்றுவிடுகின்றன. பிறகு "இருதயத்துக்கு நல்லது" என்று மருந்துக்கடையில் மீனெண்ணெய் வில்லைகளை வாங்குகிறோம். அந்த வில்லையில் தேடுவதை நாம் கடையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

கொழுப்பு எங்கே இருக்கிறது?

கெலவல்லா, பலயா ஆகிய சூரை மீன்களின் சிவந்த சதையில் புரதம் நிறைய உண்டு. கொழுப்போ 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான். இந்த மீன்களின் கொழுப்பு தலையிலும், கண்குழியிலும், வயிற்றுப்பகுதியிலும், தோலுக்கு அடியிலும் சேர்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பில் டீஎச்ஏ எனும் ஒமேகா-3 கொழுப்பமிலம் செறிந்திருக்கும். சினையிலும் அது நிறைய உண்டு.

உடலுக்கு ஏன் தேவை?

ஈபிஏ, டீஎச்ஏ என்ற இரு ஒமேகா-3 கொழுப்பமிலங்களையும் நம் உடல் மிகச் சிறிதளவே உண்டாக்கும். மீதியை உணவுதான் தர வேண்டும். இவை இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவுகின்றன. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையும் விழித்திரையும் வளர டீஎச்ஏ வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டும் சேர்ந்து 250 மில்லிகிராமும், கர்ப்பிணிக்கு 300 மில்லிகிராமும் தேவை என உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2008இல் பரிந்துரைத்தது. வாரத்தில் இரண்டு நாள் கொழுப்பு மிகுந்த மீன் சாப்பிட்டாலே இந்த அளவை எட்டலாம்.

எப்படிச் சமைப்பது?

ஒமேகா-3 கடுஞ்சூட்டில் கெடும். நிறைய எண்ணெயில் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பகுதி பொரித்த எண்ணெயோடு போய்விடும். சொதி, புளிக்குழம்பு, ஒடியல் கூழ் ஆகியவற்றில் அது குழம்பிலேயே தங்கி, சோற்றோடு நம் உடலில் சேர்கிறது. தலையை வாங்கும்போது செவுளை முழுவதுமாக நீக்கச் சொல்லுங்கள். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டினால் தேங்காயின் நிறைகொழுப்பும் அளவோடு நிற்கும்.

எதில் கவனம் வேண்டும்?

ஐஸ் இல்லாமல் கிடந்த கெலவல்லா, பலயா, கும்பளாவில் ஹிஸ்டமின் எனும் நச்சுப்பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி ஆகியவை அதன் அறிகுறிகள். பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் உயிரைப் பறிக்கும் நஞ்சு உண்டு; அதைத் தொடவே வேண்டாம்.

குடலை உண்ணக்கூடாது. மீன் ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ மிகுதியாக இருப்பதால் கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் அதை எடுக்கக்கூடாது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது. ஆகவே கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் சாலயா, கும்பளா போன்ற சிறிய மீன்களே நல்லவை. யூரிக் அமிலம் கூடியவர்கள் சினையைக் குறைக்க வேண்டும்.

வில்லை மீனுக்கு ஈடாகாது. 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியான வைட்டல் ஆய்வில், ஒமேகா-3 வில்லை பாரிய இருதய நோய் நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டே வில்லை பாவிக்க வேண்டும்.

ஆலைகளில் மிஞ்சுவது

மீனைப் பதப்படுத்தும்போது அதன் நிறையில் 70 வீதம்வரை தலை, முள், தோல், குடல் என மிஞ்சலாம் என்கிறது உணவு விவசாய அமைப்பு. நமது கெலவல்லா ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. ஏற்றுமதிக்காக மீனை வெட்டும் ஆலைகளில் மிஞ்சும் புதிய தலைகளை உடனே குளிரூட்டி, அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்துச் சுத்திகரிக்கலாம். உண்ணத் தகுந்தது மருந்துக்கும் உணவுக்கும் போகட்டும். தரம் குறைந்தது கோழி, இறால் தீவனத்துக்கும் சவர்க்காரத்துக்கும் போகட்டும். ஐஸ்லாந்து காட் மீனின் தலையைக்கூட உலர்த்தி நைஜீரியாவுக்கு விற்கிறது.

கொட்டாஞ்சேனைக்கு அருகே, மட்டக்குளி காக்கைதீவில், கடல்வள ஆராய்ச்சிக்கென 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நாரா நிறுவனம் இருக்கிறது. அதன் அறிவையும் ஆலைகளின் முதலீட்டையும் அரசு இணைக்க வேண்டும். சதையை ஏற்றுமதி செய்துவிட்டு எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலை மாறினால், வில்லை வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் நம் கடலின் நல்ல கொழுப்பு கிடைக்கும்.