கண்டுகொள்ளாமை தீர்வாகுமா? இணையக் கைவினைக் குழுக்களில் சீண்டலும் குழு ஒழுங்கும்: கொங்கு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொழுதுபோக்காகக் கைவினை பயில்வோர் கூடும் இணையக் குழுக்களில் சீண்டுவோரை எதிர்கொள்வதற்கு வழங்கப்படும் முதல் அறிவுரை ‘கண்டுகொள்ளாதே’ என்பதாகும். இவ்வறிவுரை எச்சூழலில் பிறந்தது, கொங்கு வட்டாரச் சூழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சீண்டலைத் தூண்டில், ஏளனம், துரத்தல் என மூவகைப்படுத்தி, முதல்வகைக்கு மட்டுமே கண்டுகொள்ளாமை பொருந்தும் என்றும், ஏனைய இரண்டிலும் பொறுப்பு பாதிக்கப்பட்டவரிடமிருந்து குழுவுக்கும் சட்டத்துக்கும் மாறவேண்டும் என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இணையச் சீண்டல், கைவினைக் குழு, கொங்கு வட்டாரம், பொதுவளம், குழு ஒழுங்கு

1. முன்னுரை

கொங்கு வட்டாரம் நூலோடு வாழும் நிலம். 1888இல் ஸ்டேன்ஸ் முன்னின்று கோவையில் தொடங்கிய நூற்பாலை, திருப்பூர்ப் பின்னலாடை, பவானி ஜமுக்காளம், சென்னிமலைப் போர்வை, நெகமம் சேலை எனத் தொழில்சார்ந்த நூல்வேலை இங்கு ஆழமாக வேரூன்றியுள்ளது. அதன் அருகிலேயே ஊதியம் கருதாத மற்றொரு மரபும் வளர்ந்துள்ளது. குரோஷே பின்னல், ஆரி வேலை, சுடுமண் அணிகலன், காகிதச் சுருள்வேலை ஆகியவற்றை ஆர்வத்தால் பயில்வோர் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் குழுக்களாகக் கூடுகின்றனர்.

இத்தகைய கூடலின் ஆற்றலுக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. முகநூல்வழி ஒன்றிணைந்த பின்னல் ஆர்வலர்கள், 2016 சனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையைப் பலருடைய கைவேலையால் உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். வீட்டுக்குள் இருந்த திறன் பொதுவெளிக்கு வரும் வாயிலாக இக்குழுக்கள் அமைவதை இந்நிகழ்வு காட்டுகிறது. அவ்வாயிலில் நின்று சீண்டுவோரைக் குழு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது, எவர் உள்ளே வருவார், எவர் திரும்பிப் போவார் என்பதையும் தீர்மானிக்கிறது.

2. சொல்லும் பொருளும்

‘ட்ரோல்’ என்னும் சொல் 1990களில் யூஸ்நெட் உரையாடல் குழுக்களில் பரவியது. படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் சென்று மீன்பிடிக்கும் முறையோடு அது இயைத்துப் பேசப்பட்டது. அறியாதவர்போல் ஒரு கேள்வியை வீசி, பிறரைச் சினமூட்டி, அச்சினத்தில் மகிழ்வது அதன் தொடக்கப்பொருள். இன்றைய தமிழ் வழக்கில் இச்சொல் பொருள் மாறியுள்ளது. ‘அவரை ட்ரோல் செய்கிறார்கள்’ என்னும்போது பலர் கூடி ஒருவரைப் பொதுவெளியில் எள்ளுவதையே குறிக்கிறோம். ‘கலாய்த்தல்’ என்பதன் கடுமையான வடிவம் அது. இப்பொருள் மாற்றத்தைக் கருதாமல் மேலைச் சூழலில் உருவான அறிவுரையை இங்குப் பயன்படுத்துவது சிக்கலுக்கு இடமளிக்கிறது.

யூடித் டோனத் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ட்ரோலைப் பொய்யடையாளத்தால் நிகழும் ஏமாற்றாக விளக்கியது. சூசன் ஹெர்ரிங்கும் உடன் ஆய்வாளரும் 2002இல், பெண்ணியக் குழுவொன்று ஒரே சீண்டலாளரால் நெடுநாள் அலைக்கழிக்கப்பட்டதை ஆராய்ந்தனர். வெளியேற்றுவது கருத்துரிமையை மீறுமோ என்ற உறுப்பினரின் தயக்கமே அவருக்கு இடம் கொடுத்தது என்பது அவ்வாய்வு தரும் படிப்பினை. கிளேர் ஹார்டாக்கர் 2010இல் குதிரையேற்ற ஆர்வலர்களின் யூஸ்நெட் உரையாடல்களை ஆராய்ந்து ஏமாற்று, வன்மொழி, குலைப்பு, வெற்றி என நான்கு கூறுகளை வகுத்தார். பொழுதுபோக்குக் குழுவையே தரவாகக் கொண்டதால் இவ்வாய்வு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. நான்காம் கூறாகிய ‘வெற்றி’, எதிர்வினை கிடைப்பதைச் சார்ந்தது. எதிர்வினை இல்லையேல் வெற்றி இல்லை என்பதே ‘கண்டுகொள்ளாதே’ என்னும் அறிவுரைக்கு அடிப்படை.

3. மூவகைச் சீண்டல்

வகைப்படுத்தும் முன் விமர்சனத்தைப் பிரித்துவிட வேண்டும். ‘இழுவிசை சீராக இல்லாததால் ஓரம் சுருண்டுள்ளது’ என்பது விமர்சனம். அது வேலையைப் பற்றியது, திருத்தும் வழியையும் உட்கொண்டது. ‘இதற்கெல்லாம் ஒரு படமா’ என்பது சீண்டல். அது செய்தவரைப் பற்றியது. தறியறிந்த குடும்பத்தினரும் நேற்று ஊசி பிடித்தவரும் ஒரே குழுவில் இருக்கும் கொங்கு வட்டாரத்தில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. தேர்ந்தவரின் கறார்ச்சொல் எல்லாம் சீண்டலாகக் கருதப்பட்டால் குழு கற்கும் வாய்ப்பை இழக்கும். தேர்ச்சியின் பெயரால் எல்லா இழிமொழியும் பொறுக்கப்பட்டால் புதியவரை இழக்கும்.

முதல்வகை தூண்டில். ‘கைவேலையைவிட இயந்திர வேலையே மேல்’ என்று பின்னல் குழுவில் எழுதிவிட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பது இதற்கு எடுத்துக்காட்டு. தாக்கப்படுபவர் தனியொருவர் அல்லர். விடையின்மையால் தூண்டில் பயனற்றுப் போகும். இரண்டாம் வகை ஏளனம். ஒருவர் இட்ட படத்தை எடுத்துப் பிற குழுக்களில் நகைப்புக்குரியதாகப் பரப்புவதும், கேட்கும் விலையையோ தோற்றத்தையோ பேச்சுமொழியையோ எள்ளுவதும் இதில் அடங்கும். இங்குப் பார்வையாளரின் சிரிப்பே வெற்றி; பாதிக்கப்பட்டவர் பேசாதிருப்பது அதைக் குறைப்பதில்லை. மூன்றாம் வகை துரத்தல். தனிச்செய்தி அனுப்புதல், போலிக்கணக்கு தொடங்குதல், படத்தைத் திரித்தல், மிரட்டுதல் ஆகியவை இதன் வடிவங்கள். இதில் கண்டுகொள்ளாமை சான்று அழியவும் தீங்கு பெருகவும் இடமளிக்கக்கூடும்.

4. கொங்குச் சூழலின் தனித்தன்மை

மேலை ஆய்வுகளில் சீண்டுவோர் பெரும்பாலும் முகமறியா அயலார். வாட்ஸ்அப் குழுவிலோ உறுப்பினரின் கைபேசி எண் பிறருக்குத் தெரிகிறது. எண்ணுக்குப் பின்னால் ஊர், தெரு, உறவு, சாதி ஆகியவை எளிதில் அறியப்படுகின்றன. திரைக்குள் எழுந்த சொல் மாலைக்குள் வீட்டு வாசலை எட்டக்கூடும். பாதிக்கப்பட்டவருக்கு வீட்டார் கூறுவதும் பெரும்பாலும் ‘நமக்கெதற்கு வம்பு, குழுவை விட்டு வந்துவிடு’ என்பதே. எனவே ‘கண்டுகொள்ளாதே’ என்னும் அறிவுரை நடைமுறையில் ‘வெளியேறு’ என்றே பொருள்படுகிறது.

இணையமும் ஊரும் பிரிக்கவியலாதவை என்பதற்கு இவ்வட்டாரமே அறிந்த சான்று, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பு. 2010இல் வெளிவந்த நாவலின் பகுதிகள் 2014 இறுதியில் சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. திருச்செங்கோட்டில் போராட்டமும் கடையடைப்பும் நிகழ்ந்தன. 2015 சனவரி 12இல் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாக அவர் முகநூலில் அறிவித்தார். அப்பேச்சுவார்த்தை உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலை 5இல் தீர்ப்பளித்தது. இந்நிகழ்வும் கைவினைக் குழுச் சீண்டலும் அளவில் ஒப்பிடத்தக்கன அல்ல. ஆயினும் சூழலிலிருந்து துண்டித்தல், பலர் கூடுதல், இலக்கானவரே பின்வாங்கல் என்னும் படிநிலை இரண்டுக்கும் பொதுவானது. சேலம் வட்டாரத்தில் 2016இல் திரிக்கப்பட்ட படங்கள் முகநூலில் பரவியதால் இளம்பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டமை, துரத்தலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரையின் இடரை உணர்த்துகிறது.

5. பொதுவளமாகக் குழு

இணையக் குழுவைப் பொதுவளமாகக் கருதும் பார்வையைப் பீட்டர் கொல்லாக், மார்க் ஸ்மித் ஆகியோர் 1996இல் யூஸ்நெட்டை முன்வைத்து விளக்கினர். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வகுத்த பொதுவள நெறிகளை அவர்கள் பயன்படுத்தினர். எல்லை தெளிவாக இருத்தல், விதிக்கு உட்படுவோரே விதியை வகுத்தல், கண்காணிப்பவரும் உறுப்பினராக இருத்தல், தண்டனை படிப்படியாக அமைதல் ஆகியவை அந்நெறிகளுள் சில. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிரும் பாசனச் சமூகத்துக்கு இவை புதியன அல்ல. மடையை உடைப்பவரை அடுத்த வயல்காரர் மட்டும் எதிர்கொள்வதில்லை, ஆயக்கட்டே எதிர்கொள்கிறது. கவனமும் நம்பிக்கையும் குழுவின் நீர் எனின், அதைக் காப்பதும் கூட்டுப்பொறுப்பே.

இந்நெறி தமிழில் செயல்படுவதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் காணலாம். 2003இல் தொடங்கிய இக்கலைக்களஞ்சியமும் ஆர்வலர்களின் ஊதியமற்ற உழைப்பால் வளர்வது. அங்கு நல்லெண்ணம் முதலில் கருதிக்கொள்ளப்படுகிறது. விசமத் தொகுப்பு எவராலும் மீளமைக்கப்படுகிறது. பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை இடப்படுகிறது. தொடர்ந்தால் நிருவாகியால் காலவரையறையுடன் தடை விதிக்கப்படுகிறது. பொதுச் சிக்கல்கள் ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கத்தில் பேசப்படுகின்றன. சீண்டுவோருக்குப் பெரும் கவனம் தராமல் தீங்கை அமைதியாக நீக்குவதே இம்முறையின் சிறப்பு. தனிமனிதரின் கண்டுகொள்ளாமையிலிருந்து இது வேறுபடுகிறது: இங்குக் குழு கண்டுகொள்கிறது, ஆனால் மேடை அமைத்துத் தருவதில்லை.

6. சட்டத்தின் எல்லை

பிறருக்குத் தொல்லைதரும் செய்தியைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24இல், சிரேயா சிங்கால் வழக்கில் நீக்கியது. எனவே தூண்டிலும் ஏளனத்தின் பெரும்பகுதியும் குற்றவியல் சட்டத்துக்கு வெளியே உள்ளன. அவ்விடத்தைக் குழுவிதியே நிரப்பவேண்டும். துரத்தல் அவ்வாறன்று. ஆபாசப் பதிவு, அந்தரங்கப் படம், ஆள்மாறாட்ட மோசடி ஆகியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், பெண்ணைப் பின்தொடர்தல், மிரட்டல் ஆகியவற்றுக்கு 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78, 351ஆம் பிரிவுகளும் பொருந்தும். ஆள்மாறாட்டத்துக்காகத் திரிக்கப்பட்ட படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்கவேண்டும் என 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணும் நடைமுறையில் உள்ளது.

உறுப்பினர் பதிவுக்குத் தாம் தண்டிக்கப்படலாம் என்னும் அச்சத்தால் குழு நிருவாகிகள் பொறுப்பேற்கத் தயங்குவதுண்டு. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 திசம்பரில் இதற்கு விடையளித்தது. நிருவாகி என்னும் பங்கு மட்டுமே இருப்பின் வழக்கிலிருந்து பெயரை நீக்கவேண்டும் என்பது அதன் கருத்து. கேரள உயர்நீதிமன்றமும் 2022இல் இதையொத்த முடிவுக்கு வந்தது.

7. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படுவன:

தூண்டிலுக்குக் கண்டுகொள்ளாமை பொருந்தும். ஆனால் அது குழு முழுவதும் கடைப்பிடிக்கும் முடிவாக இருத்தல் வேண்டும்.

ஏளனத்துக்குப் பதில் சொல்லும் கடமை பாதிக்கப்பட்டவருடையதன்று. நிருவாகி பதிவை நீக்குதல், தனியே எச்சரித்தல், சிலகாலம் விலக்கல், நிலையாக நீக்கல் எனப் படிப்படியாகச் செயல்படவேண்டும். செய்தவரின் ஒப்புதலின்றிப் படத்தை வெளியே பகிரக்கூடாது என்பது சேரும்போதே அறிவிக்கப்பட வேண்டும்.

துரத்தலில் நீக்கும் முன் திரைப்படிவம், கணக்கு முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைச் சேமித்து, புகாரளிப்பவருக்குக் குழுவினர் துணைநிற்க வேண்டும்.

ஒரு குழுவின் நலத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. முதல் படைப்பை இட்டவர் இரண்டாவதையும் இடுகிறாரா என்பதே தக்க அளவுகோல். வட்டார வழக்கில் ஏளனத்தின் சொல்லாட்சி, வெளியேறியோரின் அனுபவம், நிருவாகிகளின் முடிவெடுக்கும் முறை ஆகியன குறித்துக் களஆய்வுகள் மேற்கொள்ளப்படின் இம்மூவகைப்பாட்டைச் சோதித்துச் செம்மைப்படுத்த இயலும்.