முதல் ஓட்டம்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் ஓடத் தொடங்குவோருக்கு

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள ஊர்கள். முன்னது பஞ்சாலைகளுக்கும் பின்னது ஆண்டாள் கோயிலுக்கும் பெயர் பெற்றவை. இந்த ஊர்களிலும் நாற்பது வயதையொட்டிச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கூடியபின், மருத்துவர் சொல்லியோ தாமாகவோ ஓடத் தொடங்குகிறவர்கள் உண்டு. இப்படித் தொடங்குகிறவர்களில் பலர் இரண்டு மூன்று வாரங்களில் நிறுத்திவிட்டு, "நம்ம உடம்புக்கு ஓட்டம் ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அவசர முடிவு. அவர்களை நிறுத்தியது ஓடிய வேகம்தான். மெதுவாக ஓடுவது எப்படி, உடல் எந்த வரிசையில் பழகுகிறது, இப்பகுதியின் தெருக்களையும் பருவத்தையும் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வேகமும் மூச்சும்

நம்மில் பெரும்பாலோர் கடைசியாக ஓடியது பள்ளி விளையாட்டு விழாவில், 100 மீட்டரோ 200 மீட்டரோ. அதனால் ஓட்டம் என்றாலே முழு வேகம் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து ஓடத் தொடங்குபவரும் அதே வேகத்தில்தான் கிளம்புகிறார். இரண்டாவது நிமிடத்தில் மூச்சிரைத்து நின்றுவிடுகிறார்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடிந்தால் அதுவே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடுதல். தொடக்கத்தில் இந்த வேகம் விறுவிறுப்பான நடையைவிடச் சற்றே அதிகமாக இருக்கும். நடந்து செல்பவர் முந்திச் செல்லவும் கூடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதயத்தையும் தசைகளையும் பழக்கும் வேலை இந்த மெல்லோட்டத்திலேயே பெருமளவு நடந்துவிடும்.

இதைவிடவும் மெதுவாக ஓட முடியாது என்ற நிலை வந்தால் நடக்கலாம். ஓட்டத்துக்கு நடுவே நடப்பது தோல்வி அல்ல, ஒரு பயிற்சி முறை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் மாறிமாறி வரும் முறையைத்தான் தொடக்கநிலையினருக்குப் பல்லாண்டுகள் கற்பித்தார். 1996இல் ஜோஷ் கிளார்க் வகுத்த 9 வாரத் திட்டமும் அதே வழியில் அமைந்தது. அதன் முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று 20 நிமிடம். இப்படி வாரத்துக்கு 3 நாள். இத்திட்டம் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் நாற்பதைக் கடந்த, நாளெல்லாம் உட்கார்ந்தோ இயந்திரத்தின் முன் நின்றோ வேலை செய்யும் ஒருவருக்கு 9 வாரம் சற்று இறுக்கமான காலம். ஒவ்வொரு வாரத்தையும் இருமுறை செய்து 16, 18 வாரமாக நீட்டிக்கொள்வதே நல்லது. அவசரம் யாருக்கும் இல்லை.

எலும்பு ஏன் பின்தங்குகிறது

மெதுவாக ஓடினாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் ஒரு சிக்கல் வரும். அதற்குள் மூச்சு பழகியிருக்கும். உடற்பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. தசைகள் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் அப்படியல்ல. அவை புதிய சுமைக்குத் தக்கபடி மாறப் பல மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆகவே "இன்று நன்றாக ஓட முடிகிறதே" என்று மூச்சை மட்டும் நம்பித் தொலைவைக் கூட்டினால், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரம் வலிக்கத் தொடங்கும். ஓடத் தொடங்குவோர் பலரைத் தடுத்து நிறுத்துவது இந்த வலிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுவதும், மொத்த நேரத்தை வாரத்துக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று வாரம் கூட்டியபின் ஒரு வாரம் குறைத்து ஓடுவதும் எலும்புக்குக் கொடுக்கும் அவகாசம்.

எல்லா வலியும் காயம் அல்ல. இதை இப்பகுதியினருக்கு எளிதாகச் சொல்லலாம். வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், ஏறிய அன்று அவ்வளவாக வலிக்காது. இரண்டாம் நாள்தான் தொடை பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தால் எழ முடியாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் வரும் வலி அது. இரண்டு கால்களிலும் பரவலாக இருக்கும். மூன்று நான்கு நாளில் தானே போய்விடும். ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் வருவதும் பெரும்பாலும் இவ்வகையே. மெதுவாக நடந்தால் குறையும். ஒரே காலில், ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ, ஓடஓட வலி கூடினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது வேறு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல்கூட இப்படித்தான் தொடங்கும்.

எங்கே ஓடுவது

இரு ஊர்களையும் இணைக்கும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது. கேரளத்துக்குச் செல்லும் சரக்கு லாரிகள் இருட்டிலும் ஓடும் சாலை அது. ஊருக்கு ஊர் ஓடிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அதை உட்சாலைகளிலேயே சுற்றி 12 கி.மீ. சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் தேரோடும் ரத வீதிகள் விடியும் முன் கிடைக்கும் நல்ல ஓடுதளம். தேருக்காக அகலமாக அமைந்தவை, தெருவிளக்கு உண்டு, களைத்தால் வீடு பக்கத்திலேயே இருக்கும். ஒருமுறை கைப்பேசியில் சுற்றளவை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு சுற்றுக்கணக்கு போதும். எப்போதும் ஒரே பக்கம் திரும்பி ஓடாமல் திசையை மாற்றிக்கொள்ளுமாறு பயிற்சி நூல்கள் சொல்லும். கோயிலை இடமாகச் சுற்ற மனம் ஒப்பாதவர்கள் வலமாகவே ஓடலாம். சுற்றுக்கு நான்கு திருப்பங்களால் தொடக்கநிலையில் பெரிய கேடு வந்துவிடாது.

இராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோயிலுக்குச் செல்லும் சாலை தென்னை, மாந்தோப்புகளுக்கு ஊடாக மலையை நோக்கிச் சிறிது சிறிதாக ஏறுகிறது. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். போகும்போது நடையைக் கூட்டி, திரும்பும்போது ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ள ஏற்ற வழி. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது போகையில் முகத்தில் அடிக்கும், வருகையில் முதுகைத் தள்ளும். மலையடிவாரத்தை நெருங்கும் இடங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு வழியிலும் நன்றாக விடிந்தபின் மட்டுமே போக வேண்டும். வனத்துறை எல்லையைத் தாண்டக்கூடாது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. யானை நடமாட்டமும் உண்டு.

இராஜபாளையம் நாய் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம். ஆனால் விடியற்காலையில் ஓடுபவரைத் துரத்துவது அதுவல்ல, தெருநாய். நாய் குரைத்து நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாக நடந்து விலக வேண்டும். ஓடினால் துரத்தும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக்கூடாது.

எப்போது தொடங்குவது

மார்கழி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் இருக்கும். அதைவிட முக்கியமாக, ஆண்டாள் பிறந்த ஊரில் அந்த மாதம் முழுதும் தெருக்கள் விடியும் முன்பே விழித்திருக்கும். கோலம் போடுவோரும் கோயிலுக்குப் போவோரும் நிறைந்த தெருவில் ஒரு பெண் காலணி அணிந்து ஓடுவது யார் கண்ணையும் உறுத்தாது. "யார் என்ன நினைப்பார்களோ" என்ற தயக்கம் பெண்களுக்கு மூச்சிரைப்பைவிடப் பெரிய தடை. தோழியோ, அக்காவோ, மகளோ கூட வந்தால் அது பாதியாகக் குறையும். சுடிதாரிலேயே ஓடலாம், துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டோ இறுகக் கட்டிக்கொண்டோ வர வேண்டும். மார்பை அசையாமல் தாங்கும், ஓட்டத்துக்கென்றே செய்த உள்ளாடைக்குச் செலவிடுவது வீண் அல்ல. மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் ஓடத் தடையில்லை.

மார்கழியில் தொடங்கியவர் பங்குனி வெயில் வருவதற்குள் அரை மணி நேரம் ஓடப் பழகிவிடலாம். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் நேரத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். சித்திரையில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு, கிளம்பும் முன் ஒரு தம்ளர் தண்ணீரும் திரும்பியபின் உப்பிட்ட மோரோ நீராகாரமோ போதும். தலைசுற்றல், குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே நின்று நிழலில் உட்கார்ந்து, உடம்பை நனைத்துக்கொண்டு உதவி கேட்க வேண்டும். இரவுப் பணி முடித்து வரும் ஆலைத் தொழிலாளர்கள் காலையில் ஓடாமல் தூங்கி எழுந்து மாலையில் ஓடுவதே சரி. தூக்கமில்லாத உடம்பு காயத்திலிருந்து மீள்வது தாமதமாகும்.

காலணி

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்திலிருந்து 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற ரேவதி வீரமணி, தொடக்கத்தில் வெறுங்காலுடன்தான் ஓடினார். வறுமை அவரை அப்படி ஓட வைத்தது; அதைப் பயிற்சி முறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல ஆண்டுகள் செருப்பிலேயே நடந்த பாதம் திடீரென்று தார்ச்சாலையை வெறுமனே சந்திக்கக்கூடாது. விலை உயர்ந்த காலணியும் தேவையில்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குச் சென்று, பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, போட்டு நடந்து பார்த்து வாங்கினால் போதும். முதல் சில நாளில் கொப்புளம் வரலாம். அதைக் குத்தாமல் சுத்தமான துணியால் கட்ட வேண்டும். பேண்டேஜ் துணி நெய்வதற்கே பெயர் பெற்ற சத்திரப்பட்டி பக்கத்தில் இருக்கும்போது இதற்குப் பஞ்சமில்லை.

சர்க்கரையும் எடையும்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஓடத் தொடங்கக்கூடாது. ஓட்டத்தின்போதும் அதற்குப் பின்னும் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கடலைமிட்டாய் இந்த அவசரத்துக்கு ஏற்றதல்ல. கடலையின் கொழுப்பு இனிப்பு இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வீடு திரும்பியதும் பாதங்களைக் கண்ணால் பார்ப்பதும் வேண்டும். மரத்துப்போன பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. நடக்கும்போதே நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் உள்ளவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எடை குறைவதை மட்டும் நம்பி ஓடுபவர் ஏமாறுவார். ஒரு கி.மீ. ஓடினால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 3 கி.மீ. ஓடினால் 180 கலோரி. ஓடி முடித்துத் தெருமுனைக் கடையில் 100 கிராம் பால்கோவா சாப்பிட்டால் செலவானதைவிடக் கூடுதலாக உள்ளே போய்விடும். எடை இயந்திரத்தின் முள் நகராத மாதங்களிலும் இரத்த அழுத்தம் தணியலாம், இன்சுலினை உடல் நன்றாக ஏற்றுக்கொள்ளலாம், தூக்கம் கூடலாம். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடின உழைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் 25 நிமிடம் ஓடினாலே பின்னது நிறைந்துவிடும்.

இடையில் காய்ச்சலோ, கல்யாணமோ, தொடர்மழையோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போவது எல்லோருக்கும் நேர்வது. திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடராமல், இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். மூச்சு விரைவில் திரும்பிவிடும். காலுக்குத்தான் அந்த இரண்டு வாரம் வேண்டும்.